கதவு வார்னிஷ் வழவழப்பாக வரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

வீட்டுக்குள் இருக்கும் கதவுக்கு வெயிலும் மழையும் நேராகப் படுவதில்லை. அதனால் வார்னிஷ் எத்தனை வருஷம் உழைக்கும் என்ற கவலை இங்கே குறைவு. கண்ணுக்கும் கைக்கும் எப்படி இருக்கிறது என்பதுதான் பேச்சு. படுக்கையறைக் கதவைத் தினமும் தொடுகிறோம், பக்கத்து ஜன்னலிலிருந்து வெளிச்சம் அதன் மேல் சாய்வாக விழுகிறது. ஒரு சின்ன மேடு, ஒரு பிரஷ் கோடு இருந்தாலும் மறைக்க வழியில்லை.

கீழே ஒவ்வொரு கோளாறாக எடுத்துச் சொல்கிறேன். உங்கள் கதவில் இருப்பது எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. ஈரமாக இருக்கும்போது கண்ணில் பட்ட கோளாறை ஈரத்திலேயே சரிசெய்யப் போகாதீர்கள். அடித்த சில நிமிஷத்துக்குள் என்றால் பிரஷ்ஷால் ஒரு இழுப்பு இழுக்கலாம். அதற்கு மேல் ஆகிவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதே வேலை. நன்றாகக் காய்ந்த வார்னிஷை உப்புத்தாள் போட்டுச் சமன் செய்துவிடலாம். பாதி காய்ந்ததைத் தொட்டால் அது ரப்பர் மாதிரி இழுபட்டு, ஒரு கோளாறு மூன்றாகும்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க விரலால் தொட்டுப் பார்ப்பது போதாது. ஒரு ஓரத்தில் 320 நம்பர் உப்புத்தாளால் (நம்பர் கூடக் கூடத் தாள் நைஸாகும்) லேசாக நாலு தேய்ப்பு தேயுங்கள். வெள்ளைத் தூள் மாவாக உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. தாளில் சின்னச் சின்ன உருண்டையாக ஒட்டிக்கொண்டால் இன்னும் இல்லை, மறுநாள் பாருங்கள்.

முதலில், மேலே இருப்பது என்ன வார்னிஷ்?

இது தெரியாமல் வைத்தியம் பார்க்க முடியாது. நம் ஊர் உள்கதவுகளில் பெரும்பாலும் இருப்பவை இவை: டர்பன்டைனில் கரைக்கும் சிந்தெடிக் வார்னிஷ் (கடையில் பலர் டச்வுட் என்று பெயர் சொல்லியே கேட்பார்கள்), ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் மெலமைன், தின்னரில் கரையும் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர், பி.யூ. (பாலியூரித்தேன்), பழைய வீடுகளில் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் தேய்த்த பிரெஞ்ச் பாலிஷ். இப்போது தண்ணீரில் கலக்கும் பி.யூ.வும் நிறைய வருகிறது.

பழைய கதவு என்றால் யாரும் பார்க்காத மேல் விளிம்பில் சோதித்துப் பாருங்கள். மருந்துக் கடை ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஒரு நிமிஷம் வைத்து எடுத்தால் பிசுபிசுப்பது அரக்கு பாலிஷ். அதற்கு மசியாமல் என்சி தின்னருக்குச் சட்டென்று கரைந்தால் லாக்கர். தின்னர் பட்டதும் உப்பிச் சுருங்கினால் சிந்தெடிக். எதற்கும் அசையாவிட்டால் மெலமைன் அல்லது இரண்டு டப்பா கலக்கும் பி.யூ.

அப்புறம் ஒரு டார்ச். கதவுக்கு நேராக அடிக்காமல், கதவின் மேற்பரப்பை ஒட்டிப் பக்கவாட்டில் வைத்து அடியுங்கள். அறை விளக்கில் நன்றாகத் தெரிந்த கதவு இந்த வெளிச்சத்தில் தன் எல்லா மேடு பள்ளத்தையும் காட்டிவிடும். ஒவ்வொரு கோட்டிங் முடிந்ததும் இப்படிப் பார்த்துப் பென்சிலால் லேசாகக் குறித்துக்கொள்வது நல்ல பழக்கம். தேய்க்கும்போது பென்சில் குறியும் சேர்ந்து போய்விடும்.

காய்ந்த பிறகு தடவினால் நறநறவென்கிறது

எல்லாரும் சொல்லும் முதல் குறை இதுதான். காரணம் தூசி. அந்தத் தூசியில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்ததில்லை, நீங்களே தேய்த்துப் பறக்கவிட்ட மரத்தூள்தான். தேய்த்த அறையிலேயே அரை மணியில் வார்னிஷ் டின்னைத் திறந்தால் காற்றில் மிதக்கும் தூள் மெதுவாக இறங்கி வந்து அதன் மேல் உட்காரும். தேய்ப்பது ஒரு நாள், அடிப்பது மறுநாள் என்று வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

அடிக்கும் முன் தரையில் தண்ணீர் தெளித்து வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கலாம், காற்று நேராகக் கதவின் மேல் அடிக்கக் கூடாது, அவ்வளவுதான். கதவைத் துடைக்க நூல் உதிராத பழைய பனியன் துணியில் டர்பன்டைனை லேசாகத் தொட்டுக்கொள்ளுங்கள். பீடிங் (பேனலைச் சுற்றி ஓடும் மெல்லிய மரப்பட்டை) மூலையிலும் சாவித் துவாரத்திலும் ஒளிந்திருக்கும் தூளை உலர்ந்த பிரஷ்ஷால் முதலில் தட்டி எடுங்கள். துணி அங்கே நுழையாது, ஆனால் வார்னிஷ் பிரஷ் நுழைந்து அந்தத் தூளைக் கதவு முழுக்க இழுத்து வரும்.

ஆடி மாதக் காற்றில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை ஈசல். மாலையில் அடித்துவிட்டு, காய்கிறதா என்று பார்க்க டியூப் லைட்டைப் போட்டு வைத்தால், காலையில் கதவு முழுக்க இறக்கை ஒட்டியிருக்கும். காலையிலேயே அடித்து முடியுங்கள். ராத்திரி அந்த அறையில் விளக்கு வேண்டாம்.

ஏற்கெனவே நறநறப்பு வந்துவிட்டதா? நன்றாகக் காயவிட்டு, 400 நம்பர் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, கட்டையில் சுற்றி, மர ரேகை போகும் திசையில் லேசாகத் தேயுங்கள். விளிம்புகளில் அழுத்தாதீர்கள், அங்கே வார்னிஷ் சீக்கிரம் தேய்ந்து மரம் வெளியே வரும், தண்ணீர் உள்ளே போகும். துடைத்து உலர்ந்த பிறகு மெல்லிசாக ஒரு கடைசிக் கோட்டிங். கடைசிக் கோட்டிங்கிலேயே ஒன்றிரண்டு புள்ளிதான் இருக்கிறது, திரும்ப அடிக்க மனமில்லை என்றால், ஒரு வாரம் விட்டுக் காக்கிக் கவரைக் கிழித்து மடித்து, அந்தத் தாளாலேயே தேயுங்கள். நெருநெருப்பு போய்விடும், பளபளப்பு அவ்வளவாகக் குறையாது.

பிரஷ் கோடு கோடாகத் தெரிகிறது

மூன்று காரணம். வார்னிஷ் கெட்டியாக இருந்திருக்கும், பிரஷ் முரடாக இருந்திருக்கும், இல்லையென்றால் போதும் என்று நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே இருந்திருப்பீர்கள். மூன்றாவதுதான் அதிகம். வார்னிஷ் தானாகவே பரவிச் சமமாகும் குணம் உடையது, அதற்குச் சில நிமிஷம் கொடுத்தால் போதும். டர்பன்டைன் ஆவியாகத் தொடங்கிய பிறகு ஒரு இழுப்பு இழுத்தாலும் அந்தக் கோடு அப்படியே நின்றுவிடும். சித்திரை வெயிலில் மதியம் அடித்தால் இந்த அவகாசம் இன்னும் குறுகிவிடுகிறது. கோடையில் காலை 8 மணியிலிருந்து 11 மணிக்குள் முடிப்பது உசிதம்.

சிந்தெடிக் வார்னிஷ் என்றால் 1 லிட்டருக்கு 100 மில்லி மினரல் டர்பன்டைன் அளவில் தொடங்கலாம், டின்னில் போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதை அனுமதிக்காதீர்கள். அது மெதுவாக ஆவியாகும், எண்ணெய்ப் பசை தங்கும், பிறகு காயவில்லை என்று தவிக்க வேண்டியிருக்கும்.

பிரஷ் இரண்டு அல்லது இரண்டரை அங்குல அகலத்தில், முனை மென்மையாக இருக்க வேண்டும். புதுப் பிரஷ் முடி கொட்டும். உள்ளங்கையில் தட்டி, டர்பன்டைனில் ஒருமுறை அலசி, பழைய பலகையில் நாலு இழுப்பு இழுத்த பிறகு கதவுக்குக் கொண்டு வாருங்கள்.

அடிக்கும் முறை இப்படி. பிரஷ் முடியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் நனையட்டும். ஒரு முழ அகலப் பகுதியை எடுத்துக்கொண்டு, வார்னிஷை முதலில் ரேகைக்குக் குறுக்கே பரப்புங்கள், உடனே ரேகையோடு ஒரு தடவை. கடைசியாகப் பிரஷ்ஷைக் கிட்டத்தட்ட நிமிர்த்திப் பிடித்து, முனை மட்டும் தொடும்படி, புதிதாக அடித்த இடத்திலிருந்து ஏற்கெனவே அடித்த ஈரப் பகுதிக்குள் இழுத்து, விமானம் மேலெழும்புவதுபோல மெதுவாகத் தூக்குங்கள். அடுத்த பகுதிக்குப் போய்விடுங்கள். திரும்பிப் பார்க்க வேண்டாம்.

பேனல் கதவில் வரிசை முக்கியம். முதலில் பீடிங், பிறகு அதற்குள் இருக்கும் பேனல், பிறகு நடுச் சட்டம், குறுக்குச் சட்டங்கள், கடைசியாக இரண்டு பக்க நெடுஞ்சட்டங்கள். இந்த வரிசையில் போனால் குறுக்குச் சட்டத்தில் வெளியே வழிந்த கோட்டை நெடுஞ்சட்ட இழுப்பு அழித்துவிடும். பேனல் இல்லாத தட்டையான ஃப்ளஷ் டோரில் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் பரப்பு பெரிது, ஓரம் காய்ந்துவிடும். மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக, நடுவில் போனை எடுக்காமல் முடிக்க வேண்டும்.

என்ன செய்தும் பிரஷ் கைவரவில்லை என்றால், பிரஷ்ஷையே விட்டுவிடுங்கள். சிந்தெடிக் வார்னிஷும் டர்பன்டைனும் பாதிக்குப் பாதி கலந்து, பனியன் துணியைப் பொட்டலமாக மடித்துத் தொட்டுத் தேய்த்துவிடலாம். பிரஷ்ஷால் மூன்று கோட்டிங் என்றால் இதில் ஆறு ஏழு வேண்டும், ஆனால் கோடும் வராது, வடிதலும் வராது. முதல் முறை அடிப்பவர்களுக்கு, அதுவும் பீடிங் நிறைந்த கதவுக்கு, நான் இதைத்தான் சொல்வேன். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்தத் துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் கலந்த இந்த வார்னிஷ் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு உண்டாகும், சுருண்ட துணிக்குள் அந்தச் சூடு தேங்கினால் தானே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் போடுங்கள்.

வந்துவிட்ட கோடுகளுக்கு மருந்து 320 நம்பர் தாள், கட்டையில் சுற்றியது. வெறும் விரலால் பிடித்துத் தேய்த்தால் தாள் பள்ளத்துக்குள்ளும் இறங்கிவிடும், கோடு போகாது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் தேய்ந்த மேடுகள் மங்கலாகவும் பள்ளங்கள் இன்னும் பளபளவென்றும் தெரியும். அந்தப் பளபளப்புக் கோடுகள் எல்லாம் மறையும் வரை தேய்க்க வேண்டும்.

வடிந்து, திரை போலத் தொங்குகிறது

கதவை நிலையிலேயே வைத்து அடித்தால் இது வரும். பீடிங்கின் கீழ் மூலை, பூட்டுத் துளை, கீல் வெட்டு இந்த மூன்று இடங்களில் வார்னிஷ் தேங்கி, நீங்கள் பார்க்காத நேரத்தில் கீழே இறங்கும். கழற்ற முடியுமானால் கீல் திருகுகளைக் கழற்றி, இரண்டு ஸ்டூலின் மேல் கதவைப் படுக்க வைத்து அடியுங்கள். கைப்பிடி, தாழ்ப்பாள் எல்லாம் முதலிலேயே கழற்றப்பட்டிருக்க வேண்டும். அவற்றைச் சுற்றி வளைத்து அடிப்பவர்கள் கதவில் விளிம்பு மேடுகள் இல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

கழற்ற முடியவில்லை என்றால், ஒரு பேனல் முடித்ததும் பிரஷ்ஷைத் துணியில் பிழிந்துவிட்டு, வெறும் பிரஷ் முனையால் நாலு மூலையையும் ஒருமுறை தொட்டு, தேங்கியதை எடுத்துவிடுங்கள்.

வடிந்து காய்ந்த துளி வெளியே தோல் போட்டு உள்ளே பல நாள் மெத்தென்று இருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழுந்தால் இன்னும் நாள் கொடுங்கள். கெட்டியானதும் புது பிளேடை அல்லது ஸ்கிரேப்பரைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்து, துளியின் தலையை மெல்லிய சீவலாகச் சீவுங்கள். பிளேடின் இரண்டு முனையிலும் செல்லோ டேப் ஒட்டிக்கொண்டால் அக்கம்பக்கத்தில் வெட்டு விழாது. மேடு கிட்டத்தட்டச் சமமானதும் 320 தாள். எடுத்த எடுப்பில் உப்புத்தாளால் தேய்த்தால் துளிக்கு முன்பாகவே சுற்றியிருக்கும் வார்னிஷ் தேய்ந்து மரம் தெரியும்.

குமிழி, ஊசித் துளை

டின்னைக் குலுக்கினீர்களா? வார்னிஷைக் குலுக்கக் கூடாது, தட்டையான குச்சியால் மெதுவாகக் கலக்க வேண்டும். பிரஷ்ஷை டின் விளிம்பில் வழித்துவிடுவதும் குமிழியை உண்டாக்கும், உள்பக்கச் சுவரில் தட்டினால் போதும்.

இவை இரண்டும் இல்லாமல் குமிழி வந்தால் மரத்தைக் கவனியுங்கள். தேக்கில் கண்ணுக்குத் தெரியும் துளைகள் வரிசையாக இருக்கும். காலையில் குளிர்ந்திருந்த கதவு மதியத்துக்குள் சூடாகும்போது அந்தத் துளைகளில் உள்ள காற்று விரிந்து, வார்னிஷைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். முதல் கோட்டிங்கைக் கால் பங்கு டர்பன்டைன் கலந்து தண்ணீராக அடித்துத் துளைகளுக்குள் இறக்கிவிட்டால் இது அடங்கும். கண்ணாடி மாதிரி வழவழப்பு வேண்டும் என்பவர்கள் முதலிலேயே மரநிற ஃபில்லரைத் துளைகளில் குறுக்காகத் தேய்த்து அடைக்க வேண்டும். அடைக்காமல் எத்தனை கோட்டிங் அடித்தாலும் தேக்கின் ரேகைப் பள்ளம் தெரியத்தான் செய்யும். எனக்கு அது தெரிவதுதான் பிடிக்கும்.

நாள் கணக்கில் காயவில்லை, கை ஒட்டுகிறது

சிந்தெடிக் வார்னிஷ் முதலில் டர்பன்டைன் ஆவியாகி, பிறகு காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. இதில் எது தடைபட்டாலும் பிசுபிசுப்பு.

ஐப்பசி கார்த்திகை மழையில், மூடிய அறையில் அடித்திருந்தால் ஜன்னலைத் திறந்து, இப்போது மின்விசிறியைப் போடலாம். கொஞ்சம் தூசி ஒட்டினாலும் காய்ந்த பிறகு தேய்த்துவிடலாம், இப்போது காற்றோட்டம்தான் மருந்து. கெட்டியாக அடித்திருந்தால் மேலே மட்டும் தோல் போட்டிருக்கும், அதற்கும் பொறுமைதான்.

தேக்கு என்றால் தனிக் காரணம் உண்டு. தேக்கின் இயற்கை எண்ணெய்ச் சத்து ஆக்சிஜனோடு சேரும் அந்த வேலையையே தடுக்கும். கதவு முழுக்கக் காய்ந்து, கருமையான வைரம் பாய்ந்த பட்டைகள் மட்டும் ஒட்டினால் காரணம் இதுதான். அடுத்த கதவுக்கு, தேய்த்து முடித்த உடனே என்சி தின்னர் தொட்ட துணியால் மரத்தைத் துடைத்து, அது ஆவியான கையோடு முதல் கோட்டிங் அடியுங்கள். ஒரு ராத்திரி விட்டால் உள்ளேயிருந்து எண்ணெய் மறுபடி மேலே வரும். மெழுகு நீக்கிய அரக்கை ஒரு கோட்டிங் அடித்து அதன் மேல் வார்னிஷ் போவதும் நல்ல வழி.

கதவுக்கு முன்பு தச்சர் ஏதாவது எண்ணெய் தடவியிருந்தாரா என்றும் கேளுங்கள். கட்டட வேலை நடக்கும்போது நிலையில் சிமெண்ட் பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசுவது சகஜம். அது லின்சீட் ஆயிலாக (ஆளி விதை எண்ணெய்) இருந்தால் நாளாவட்டத்தில் காயும், பழைய என்ஜின் ஆயில் என்றால் ஒருநாளும் காயாது.

இரண்டு வாரம் ஆகியும் ஒட்டுகிறது என்றால் அதன் மேல் இன்னொரு கோட்டிங் அடித்து மறைக்க நினைக்காதீர்கள். டர்பன்டைன் நனைத்த துணியும் ஸ்கிரேப்பரும் எடுத்து வழித்துவிட்டு மறுபடி தொடங்குவது நேர மிச்சம். மெலமைனிலோ இரண்டு டப்பா பி.யூ.விலோ இப்படி ஆனால் ஹார்டனர் அளவு தவறியிருக்கும். கண் திட்டத்தில் ஊற்றியதன் பலன்.

பால் போல வெள்ளை மூட்டம்

லாக்கர், அரக்கு பாலிஷ் இரண்டிலும் மழைக்காலத்தில் வருவது. தின்னரோ ஸ்பிரிட்டோ வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிந்து உள்ளே சிக்கிக்கொள்கிறது. பல நேரம் மறுநாள் வெயில் ஏறியதும் தானே தெளிந்துவிடும். தெளியவில்லை என்றால் லாக்கருக்கு மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை மெல்லிசாகத் தெளித்தால் பூச்சு இளகி ஈரம் வெளியேறும். அரக்குக்கு ஸ்பிரிட் தொட்ட பொட்டலத்தால் நிறுத்தாமல் ஒரே வீச்சாக ஒரு தடவல். நின்றால் துணி ஒட்டிக்கொள்ளும். மழை பெய்துகொண்டிருக்கும் நாளில் இந்த இரண்டையும் தொடாமல் இருப்பது சுலபமான வழி.

சுருங்கி, சுருக்கம் சுருக்கமாக நிற்கிறது

தடிமனாக அடித்துச் சீக்கிரம் மேல்தோல் காய்ந்தாலும், கீழ்க் கோட்டிங் காயாமல் அடுத்ததை அடித்தாலும் வரும். இன்னொரு காரணம், சிந்தெடிக் வார்னிஷ் இருக்கும் பழைய கதவின் மேல் மெலமைனோ லாக்கரோ அடிப்பது. அவற்றின் தின்னர் பலமானது, கீழே உள்ளதை உப்ப வைத்துக் கிளப்பிவிடும். டர்பன்டைன் வார்னிஷ் மேல் தின்னர் சரக்கு கூடாது என்று மனதில் வையுங்கள். சுருங்கியதைத் தேய்த்து மீட்க முடியாது. சுரண்டி எடுக்க வேண்டும்.

சுரண்டும்போது அடியில் பழைய எனாமல் பெயிண்ட் தென்பட்டால் உலர்ந்த தாளால் தேய்த்துத் தூள் பறக்க விடாதீர்கள். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம். பெயிண்டை இளக்கும் ரிமூவர் போட்டு, ஈரமாகவே சுரண்டி, குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமல் வேலையை முடியுங்கள்.

வட்டக் குழிகள், வார்னிஷ் அந்த இடத்தை விட்டு ஒதுங்குகிறது

எண்ணெய், மெழுகு, சிலிக்கான். கட்டிலுக்குப் பின்னால் திறந்து நிற்கும் கதவில் தலை சாய்க்கும் உயரத்தில் தேங்காய் எண்ணெய். கைப்பிடியைச் சுற்றிக் கை எண்ணெய். கீல் கிறீச்சிடுகிறது என்று அடித்த ஸ்ப்ரே எண்ணெய் கீலிலிருந்து ஒரு சாண் தூரம் வரை பரவியிருக்கும். பூஜை அறைக் கதவு என்றால் முழுக்கவே விளக்கின் எண்ணெய்ப் புகை படிந்திருக்கும். உப்புத்தாள் போட்டால் எண்ணெய் போகாது, இன்னும் பரவும். தேய்ப்பதற்கு முன்பே சோப்புத் தண்ணீர், உலர்ந்ததும் டர்பன்டைன், அதுவும் ஒவ்வொரு துடைப்புக்கும் துணியின் புதுப் பக்கம். ஈரத்தில் குழி கண்ணில் பட்டால், உடனே முழுப் பேனலையும் டர்பன்டைனால் வழித்துத் துடைத்துவிடுங்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் காத்திருப்பதில் பயனில்லை.

நிறம் திட்டுத் திட்டாக, கீறலாக, கறுப்பாக

ஸ்டெயின் (மரத்துக்கு நிறமேற்றும் சாயம்) அடித்த பிறகு ரேகைக்குக் குறுக்கே கோடுகள் தெரிந்தால் குறுக்கே தேய்த்திருக்கிறார்கள். குறுக்குச் சட்டமும் நெடுஞ்சட்டமும் சேரும் இடத்தில் இது கட்டாயம் இருக்கும். 120, பிறகு 180 என்று படிப்படியாகப் போக வேண்டும். 80-லிருந்து நேராக 220-க்குத் தாவினால் 80 போட்ட கீறல் அப்படியே கீழே இருக்கும், ஸ்டெயின் அதைத் தேடிப் போய் நிரம்பும். மேலே வார்னிஷ் அடித்துவிட்டால் திருத்த முடியாது, மரம் வரை இறங்கித்தான் ஆக வேண்டும். எனவே ஸ்டெயினுக்கு முன் ஈரத் துணியால் கதவை ஒருமுறை துடைத்துப் பாருங்கள். ஈரத்தில் தெரியும் கீறல் எல்லாம் ஸ்டெயினிலும் தெரியும். தண்ணீர் பி.யூ. அடிப்பவர்களுக்கு இந்தத் துடைப்பு வேறொரு உபகாரமும் செய்யும்: மரத்தின் நார் எழுந்து நிற்கும், அதை 220 போட்டு வெட்டிவிட்டால் பிறகு எழாது.

நிலையில் மஞ்சள் திட்டு தெரிகிறதா? நிலை வைக்கும் பூஜையில் பூசிய மஞ்சள்தான். வார்னிஷ் அடித்ததும் பளிச்சென்று மேலே வரும். ஸ்பிரிட்டால் துடைத்தால் பெரும்பகுதி கரைந்துவிடும், மிச்சத்தை உப்புத்தாள் எடுக்கும்.

கறுப்புப் புள்ளிகள் இரும்பின் வேலை. மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரமும் சேர்ந்தால் மை மாதிரி கறுக்கும். ஆணித்தலை, ஸ்டீல் ஸ்கிரப்பரின் உதிர்ந்த துணுக்கு எல்லாமே இதைச் செய்யும். தண்ணீர் வார்னிஷ் அடிக்கும் கதவில் இரும்புக் கம்பளியே கூடாது. ஆக்ஸாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து அந்த இடத்தில் தடவி, கறை வெளுத்ததும் நல்ல தண்ணீரால் பலமுறை துடைத்து, முழுக்க உலரவிடுங்கள். அது விஷம், கையுறை அவசியம். காய்ந்த படிவத்தைத் தேய்த்துத் தூளாக்கி மூக்கில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

மேட் அடித்தேன், அங்கங்கே பளபளக்கிறது

மேட் (பளபளப்பில்லாதது), சாட்டின் (பாதிப் பளபளப்பு) சரக்கில் பளபளப்பைக் குறைக்கும் பொடி அடியில் படிந்திருக்கும். மேலாக எடுத்து அடித்தால் முதல் கதவு பளபளவென்றும் கடைசிக் கதவு சாம்பல் பூத்தும் நிற்கும். அடிவரை வழித்துக் கலக்கி, அடிக்கும்போதும் இடையிடையே கலக்க வேண்டும். மூன்று கோட்டிங்கும் மேட்டாக அடித்தால் ரேகை மங்கிவிடும். கீழ் இரண்டும் பளபளப்பான கிளாஸ் வகை, மேலே ஒன்று மட்டும் மேட் என்பதே என் தேர்வு.

உரிகிறது

பளபளப்பான பழைய வார்னிஷைத் தேய்க்காமல் அதன் மேலேயே அடித்தால் செதில் செதிலாக வரும். ஒரு இடத்தில் செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கூடவே வார்னிஷும் வந்தால் அந்தக் கோட்டிங் முழுவதையும் எடுத்துவிட வேண்டியதுதான்.

குளியலறைக் கதவின் கீழ் ஒரு முழம் மட்டும் உரிந்து கறுத்தால் காரணம் கதவின் அடி விளிம்பு. கதவை மாட்டிய பிறகு அடித்ததால் அந்த விளிம்புக்குப் பிரஷ் போகவே இல்லை. அங்கே நெடுஞ்சட்டத்தின் வெட்டு முனை திறந்து கிடக்கிறது, தண்ணீரை உறிஞ்சி உள்ளிருந்து வார்னிஷைத் தள்ளுகிறது. கழற்றி, நன்றாகக் காயவைத்து, அடி விளிம்புக்கு மட்டும் மூன்று நாலு கோட்டிங் கொடுங்கள். மேல் விளிம்புக்கும் கொடுத்தால் மழைக்காலத்தில் கதவு உப்பி நிலையில் இறுகுவதும் குறையும்.

நாளாக ஆக மஞ்சளடிக்கிறது

சிந்தெடிக் வார்னிஷின் சுபாவம். வெளிச்சம் படாத பக்கம் இன்னும் கூடுதலாக மஞ்சளிக்கும். தேக்கில் அழகாகவே இருக்கும். வெளிர்நிற மரம் என்றால் தண்ணீர் பி.யூ. போடுங்கள்.

கதவு நிலையோடு ஒட்டிக்கொண்டு, திறந்தால் சர்ரென்று பிரிகிறது

தொட்டால் காய்ந்துவிட்டது என்பதும் அழுத்தம் தாங்கும் என்பதும் வேறு வேறு. சிந்தெடிக் வார்னிஷ் முழுதாக இறுகச் சில வாரம் ஆகும். அதற்குள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டால் நிலையின் வார்னிஷும் கதவின் வார்னிஷும் ஒன்றோடொன்று ஒட்டி, திறக்கும்போது ஒரு பக்கத்திலிருந்து பிய்ந்து வரும். முதல் சில நாள் கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு துண்டுக் கட்டையைச் செருகித் திறந்தே வையுங்கள். கட்டாயம் சாத்தித்தான் ஆக வேண்டும் என்றால், நிலையில் கதவு உட்காரும் இடத்தில் முகப்பவுடரை லேசாகத் தடவலாம். பிய்ந்த இடத்தை 320 போட்டு, ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து, அந்த ஒரு பட்டைக்கு மட்டும் மெல்லிசாக இரண்டு கோட்டிங். கைப்பிடியும் தாழ்ப்பாளும் மாட்டுவதை அது இறுகும் வரை தள்ளிப்போடுங்கள், திருகை முடுக்கும்போது அதன் அடித்தகடு இளம் வார்னிஷில் பதிந்துவிடும்.